ஏர் கூல்டு பைக் இன்ஜினைப் பிரித்துக் கட்டி ட்யூன் செய்வது: புதியவர்களுக்கு

பழைய ஏர் கூல்டு பைக் ஒன்றை வாங்கியதும் பலரும் முதலில் கேட்பது, "பெரிய கார்புரேட்டர் போட்டால் எவ்வளவு பிக்கப் ஏறும்?" என்றுதான். பெரும்பாலும் ஒன்றும் ஏறாது. ஓடித் தேய்ந்த இன்ஜின், புதிதாக இருந்தபோது கொடுத்த பவரில் ஒரு பகுதியை ரிங் வழியாகவும் வால்வு வழியாகவும் ஒழுகவிட்டுக் கொண்டிருக்கும். அந்த ஒழுகலை அடைப்பதே வேலையில் பெரும்பங்கு. அதற்கு மேல் கொஞ்சம் கூட்டலாம். எவ்வளவு கூட்டலாம் என்பதைச் சூடுதான் முடிவு செய்யும். தண்ணீர் சுற்றும் இன்ஜினில் சிலிண்டரின் எல்லாப் பக்கமும் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருக்கும். இங்கே முன்பக்கம் காற்று வாங்கும், பின்பக்கம் அவ்வளவாக வாங்காது, சிக்னலில் நின்றுவிட்டால் எந்தப் பக்கமும் வாங்காது. கீழே வரும் அளவுகள் பலவும் இந்த ஒரு காரணத்தால்தான் அப்படி இருக்கின்றன.

ஒற்றை சிலிண்டர், ஃபோர் ஸ்ட்ரோக், ஹெட்டில் ஒரு கேம்ஷாஃப்ட், கார்புரேட்டர் உள்ள இன்ஜினை மனதில் வைத்து எழுதுகிறேன். இரட்டை சிலிண்டரானாலும் வேலை இதேதான், இரண்டு முறை. எண்கள் பொதுவானவை. உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவல் வேறு எண் சொன்னால் மேனுவல் சொல்வதையே எடுத்துக்கொள்ளுங்கள். மேனுவல் கையில் இல்லாமல் ஒரு போல்ட்டைக்கூடத் தொட வேண்டாம்.

பிரிக்கும் முன்பே நோயைக் கண்டுபிடியுங்கள்

இன்ஜினைச் சூடாக்கி, பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டையில் கம்ப்ரஷன் கேஜை மாட்டுங்கள். ஆக்சிலரேட்டரை முழுக்கத் திறந்து வைத்து, முள் இதற்கு மேல் ஏறாது என்னும் வரை கிக்கரை மிதியுங்கள். ஆக்சிலரேட்டரை மூடி வைத்து மிதித்தால் சிலிண்டருக்குக் காற்றே போகாது, எண்ணும் பொய்யாக வரும். அப்புறம் பிளக் ஓட்டை வழியாக ஒரு சிறிய ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். முள் நன்றாக ஏறினால் ரிங்கோ சிலிண்டரோ தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வைச் சந்தேகப்படுங்கள். சில இன்ஜின்களின் கேமில் தானாக இயங்கும் டிகம்ப்ரஸர் (ஸ்டார்ட் பண்ணும்போது வால்வைக் கொஞ்சம் திறந்து அழுத்தத்தைக் குறைப்பது) இருக்கும். அவற்றில் இந்த எண் எப்போதும் குறைவாகவே வரும்.

கம்ப்ரஸர் கிடைத்தால் இதைவிட நல்ல வழி இருக்கிறது. பிஸ்டனைக் கம்ப்ரஷன் மேல் முனைக்கு, அதாவது டிடிசிக்குக் கொண்டுவந்து, பின்சக்கரம் சுற்றாதபடி கியரில் போட்டு பிரேக்கைப் பிடித்துக்கொண்டு, பிளக் ஓட்டை வழியாகக் காற்றை ஏற்றுங்கள். பிறகு காதைக் கொடுங்கள். கார்புரேட்டர் வாயில் சீறினால் இன்லெட் வால்வு, சைலன்சர் முனையில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு, ஆயில் ஊற்றும் வாயில் சீறினால் ரிங். ரிங் பக்கம் லேசான சீறல் நல்ல இன்ஜினிலும் இருக்கும். வால்வு பக்கம் சத்தமே வரக்கூடாது.

பிரிப்பது

இன்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். வெளியே உள்ள மண்ணையும் ஆயில் பிசுக்கையும் முதலில் கழுவிவிடுங்கள். ஃபின்களுக்கு நடுவே அப்பியிருக்கும் காய்ந்த சேறு சூட்டை வெளியே விடாது, பிரிக்கும்போது உள்ளேயும் கொட்டும். கழற்றும் ஒவ்வொரு படியையும் போனில் படம் எடுங்கள். போல்ட்டுகளைத் தனித்தனிக் கவரில் போட்டுப் பெயர் எழுதுங்கள். அட்டையில் இன்ஜின் கவரின் வடிவத்தை வரைந்து, எந்த போல்ட் எந்த ஓட்டையோ அந்த இடத்தில் குத்தி வைப்பது இன்னும் நல்லது, ஏனென்றால் நீளம் மாறினால் மரை போகும்.

கேம் ஸ்ப்ராக்கெட்டைக் கழற்றும் முன் கம்ப்ரஷன் டிடிசியில் நிறுத்தி, டைமிங் குறிகளைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். டைமிங் செயினைக் கம்பியால் கட்டித் தொங்கவிடுங்கள். ஹெட் நட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாக, ஒவ்வொன்றும் கால் சுற்று, கால் சுற்றாகத் தளர்த்துங்கள். ஹெட் ஒட்டிக்கொண்டு வரவில்லையா? ரப்பர் சுத்தியால் தட்டுங்கள். ஸ்க்ரூ டிரைவரை ஃபின்னுக்கு அடியில் கொடுத்து நெம்பினால் ஃபின் கையோடு வந்துவிடும். சிலிண்டரைத் தூக்கியதும் கிராங்க் கேஸ் வாயைச் சுத்தமான துணியால் அடைத்துவிட்டுத்தான் பிஸ்டன் பின்னை (பிஸ்டனை ராடோடு இணைக்கும் தண்டு) பிடித்திருக்கும் சர்க்ளிப்பில் கை வைக்க வேண்டும். அது தெறிக்கும், தெறித்தால் நேராக உள்ளேதான் விழும்.

இப்போது கனெக்டிங் ராடைப் பிடித்து மேலும் கீழுமாக இழுத்துப் பாருங்கள். பக்கவாட்டில் கொஞ்சம் ஆடுவது இயல்பு. மேல்-கீழாக லேசாகத் தட்டுவது கைக்குத் தெரிந்தால்கூட ராடின் கீழ்முனையில் கிராங்கைப் பிடித்திருக்கும் பிக் எண்ட் பேரிங் போய்விட்டது. கேஸையே பிளந்து கிராங்கை வெளியே எடுக்க வேண்டும். கிராங்கைப் பிரஸ் செய்து நேர் பார்க்கும் வேலையை அதற்கான கருவி உள்ள பட்டறைக்கே கொடுங்கள். தட்டும் பிக் எண்டின் மேல் புது பிஸ்டன் போடுவது வீண்.

அளப்பதுதான் வேலை

ஒரு மைக்ரோமீட்டர், ஒரு போர் கேஜ் (போர், அதாவது சிலிண்டரின் உள்விட்டத்தை அளப்பது), ஒரு செட் ஃபீலர் கேஜ். இவற்றை இரவல் வாங்கியாவது கொண்டுவாருங்கள். "கையில் பிடித்துப் பார்த்தாலே தெரியும்" என்று சொல்லும் மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். அவர்கள் கைக்கு 0.02 மி.மீ. தெரியாது, பிஸ்டனுக்குத் தெரியும்.

சிலிண்டரை மேலே, நடுவே, கீழே என மூன்று உயரங்களில், ஒவ்வொன்றிலும் முன்-பின்னாக ஒரு தடவை, இடம்-வலமாக ஒரு தடவை அளந்து, ஆறு எண்களையும் எழுதுங்கள். தேய்மானம் அதிகம் தெரிவது மேலே, முதல் ரிங் நின்று திரும்பும் இடத்தில். அதிலும் பிஸ்டன் சுவரை அழுத்தும் முன்-பின் திசையில். மேலுக்கும் கீழுக்கும், அல்லது குறுக்குக்கும் நெடுக்குக்கும் 0.05 மி.மீ. வித்தியாசம் வந்தால் பொதுவாக போர் பண்ணும், அதாவது சிலிண்டரை உள்ளே கடைந்து பெரிதாக்கும், நேரம் வந்துவிட்டது. பிஸ்டனை அதன் பாவாடைப் பகுதியில், பிஸ்டன் பின்னுக்குக் குறுக்குத் திசையில், மேனுவல் சொல்லும் உயரத்தில் அளக்க வேண்டும். பிஸ்டன் உருளை மாதிரி தெரிந்தாலும் உருளை அல்ல. தலைப்பக்கம் சிறுத்தும், பிஸ்டன் பின் போகும் திசையில் ஒடுங்கியும்தான் செய்திருப்பார்கள். கண்ட இடத்தில் அளந்தால் கண்ட எண்தான் வரும்.

சிலிண்டர் அளவிலிருந்து பிஸ்டன் அளவைக் கழித்தால் வருவது கிளியரன்ஸ். 60, 70 மி.மீ. போர் உள்ள ஏர் கூல்டு இன்ஜினில், வார்ப்பு பிஸ்டனுக்கு 0.03 முதல் 0.05 மி.மீ. வரை வழக்கம். ஃபோர்ஜ்டு (அடித்து உருவாக்கிய) பிஸ்டன் சூட்டில் அதிகம் விரியும் என்பதால் அதற்கு இன்னும் கூடுதலாகத் தேவை. பிஸ்டனோடு வரும் தாளில் எண் இருக்கும். "டைட்டா வச்சா பவர் நிக்கும்" என்ற பேச்சைக் கேட்காதீர்கள். சிலிண்டர் ஒரே மாதிரி சூடாகாத இன்ஜினில் டைட்டாக வைத்தால் முதல் நீண்ட ஏற்றத்திலேயே பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

போர் பண்ணுவதென்றால் வரிசை முக்கியம். முதலில் பிஸ்டனை வாங்குங்கள், அதை அளந்து பாருங்கள், அப்புறம் பிஸ்டனையும் சிலிண்டரையும் சேர்த்தே லேத்துக்குக் கொடுங்கள். ஓவர்சைஸ் (அளவு கூடிய) பிஸ்டன் பெரும்பாலும் 0.25, 0.50, 0.75, 1.00 மி.மீ. என்ற படிகளில் கிடைக்கும். எந்தச் சிறிய படியில் தேய்மானம் மறைகிறதோ அதோடு நிறுத்துங்கள். சுவர் மெலிய மெலிய சூட்டில் கோணுவதும் கூடும். நிக்கல்-சிலிக்கன் கார்பைடு பூச்சுள்ள அலுமினிய சிலிண்டர் என்றால் இந்தக் கணக்கே செல்லாது. அதைச் சாதாரணமாக போர் பண்ண முடியாது. மறுபூச்சு போட வேண்டும் அல்லது சிலிண்டரையே மாற்ற வேண்டும்.

ஹோனிங் (போர் பண்ணிய சுவரைக் கல்லால் தேய்ப்பது) முடிந்த சுவரில் ஒன்றையொன்று வெட்டும் மெல்லிய கோடுகள் தெரியும். அந்தக் கோட்டில்தான் ஆயில் தங்கும், அங்கேதான் புது ரிங் உட்காரும். பட்டறையிலிருந்து வந்த சிலிண்டர் பார்க்கச் சுத்தமாக இருந்தாலும் கல்லின் பொடி அந்தக் கோடுகளுக்குள் இருக்கிறது. பெட்ரோலால் துடைத்தால் அது போகாது. வெந்நீரும் சோப்பும் போட்டு பிரஷால் தேயுங்கள், அலசுங்கள், வெள்ளைத் துணியில் கொஞ்சம் ஆயில் தொட்டு உள்ளே துடைத்துப் பாருங்கள். துணி சாம்பல் நிறமானால் மறுபடி சோப்பு. துணி வெள்ளையாகவே வெளியே வரும் வரை விடாதீர்கள். காய்ந்ததும் உடனே ஆயில் பூசுங்கள். வெற்று இரும்புச் சுவர் நீங்கள் டீ குடித்துவிட்டு வருவதற்குள் துருப்பிடித்துவிடும்.

ரிங்கை சிலிண்டருக்குள் வைத்து, பிஸ்டன் தலையால் இரண்டு செ.மீ. உள்ளே தள்ளினால் நேராக உட்காரும். இப்போது அதன் வாய் இடைவெளியில் ஃபீலர் கேஜை விடுங்கள். தோராயக் கணக்கு: போர் அளவை 0.004-ஆல் பெருக்குங்கள். 70 மி.மீ. போருக்கு 0.28 மி.மீ. இரண்டாவது ரிங்குக்குச் சற்றுக் கூடுதல். இடைவெளி கூடிப்போனால் கொஞ்சம் கம்ப்ரஷன் ஒழுகும், அவ்வளவுதான். குறைந்துபோனால் சூட்டில் இரண்டு முனையும் முட்டி, ரிங் சுவரைக் கிழித்துவிடும். குறைவாக இருந்தால் ஒரு முனையை மட்டும் மெல்லிய அரத்தால், வெளிமுகத்திலிருந்து உள்நோக்கி ராவுங்கள்.

ஹெட்

கரியை மரக்குச்சி அல்லது பிளாஸ்டிக் துண்டால் சுரண்டுங்கள். ஸ்டீல் ஸ்க்ரேப்பர் அலுமினியத்தில் கோடு போட்டால், அந்தக் கோட்டின் ஓரமே பின்னால் தணலாகக் கனன்று எரிச்சலை முன்கூட்டியே தொடங்கி வைக்கும். வால்வை கைடில் பாதி இழுத்து ஆட்டிப் பாருங்கள். நன்றாக ஆடினால் கைடு மாற்ற வேண்டும். சீட்டை மூன்று கோணத்தில் வெட்டும் வேலையும் பட்டறை வேலைதான்.

இங்கே ஒரு விஷயத்தை மட்டும் நீங்களே தீர்மானியுங்கள்: சீட்டின் அகலம். இன்லெட்டுக்கு 1 மி.மீ. போதும். எக்ஸாஸ்ட்டுக்குச் சற்றுக் கூடுதலாக, 1.2 முதல் 1.5 வரை விடச் சொல்லுங்கள். எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டில் பெரும்பகுதியை மூடியிருக்கும் நேரத்தில் சீட் வழியாகத்தான் ஹெட்டுக்குத் தள்ளுகிறது. இந்த வால்வின் சூட்டோடு மல்லுக்கட்டித்தான் 1920-களில் சாம் ஹெரான் என்ற இன்ஜினியர் விமான இன்ஜின்களுக்காகத் தண்டுக்குள் சோடியம் அடைத்த வால்வை உருவாக்கினார். நம் வண்டிக்கு அவ்வளவு வேண்டாம், சீட்டைக் குறுக்காமல் இருந்தால் போதும்.

வால்வை ஸ்பிரிங்கோடு மாட்டி, போர்ட் (கலவையும் புகையும் போகும் பாதை) மேலே பார்க்கும்படி ஹெட்டை நிறுத்தி, அதற்குள் பெட்ரோல் ஊற்றிச் சில நிமிடம் வையுங்கள். சேம்பர் (கலவை எரியும் இடம்) பக்கம் ஈரம் கசிந்தால் கிரைண்டிங் பேஸ்ட்டுக்குத் திரும்புங்கள்.

போர்ட்டைக் கடைந்து பெரிதாக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். அடக்கிக்கொள்ளுங்கள். பெரிய போர்ட்டில் காற்றின் வேகம் குறையும், நகரத்தில் ஓட்டும் நடு ஆர்பிஎம்மில் வண்டி சோம்பிவிடும். பேக்கிங் விளிம்பு போர்ட்டுக்குள் துருத்தாமல் பொருத்துவது, வால்வு சீட்டுக்குக் கீழே வார்ப்பில் விட்ட முரட்டு விளிம்பை உப்புத்தாளால் மழுப்புவது, இவ்வளவு போதும்.

கம்ப்ரஷனைக் கூட்டுவது

ரோட்டு வண்டிக்கு ஆகும் செலவுக்கு அதிகப் பலன் தருவது இதுதான். எல்லா ஆர்பிஎம்மிலும் இழுவை கூடும். கணக்கு எளிது. 72 மி.மீ. போர், 61.4 மி.மீ. ஸ்ட்ரோக், ஆக 250 சிசி என்று வைத்துக்கொள்வோம். கம்ப்ரஷன் விகிதம் (பிஸ்டன் கீழே இருக்கும்போது உள்ள மொத்த இடம், மேலே இருக்கும்போது மிஞ்சும் இடத்தைப் போல் எத்தனை மடங்கு) 9 என்றால் பிஸ்டன் மேலே இருக்கும்போது மிஞ்சும் இடம் 250-ஐ 8-ஆல் வகுத்தது, 31.25 சிசி. மெல்லிய பேக்கிங் போட்டோ ஹெட்டைச் சீவியோ 0.5 மி.மீ. இறக்கினால், பிஸ்டன் பரப்பு 40.7 சதுர செ.மீ. என்பதால் ஏறக்குறைய 2 சிசி குறையும். மிஞ்சுவது 29.2. இப்போது விகிதம் 9.56. பழைய இரண்டு வால்வு ஏர் கூல்டு ஹெட்டுக்குச் சாதாரணப் பெட்ரோலில் அங்கேயே நிறுத்திக்கொள்வேன். 10-ஐத் தாண்டினால் உயர் ஆக்டேன் பெட்ரோலை நம்பியே வாழ வேண்டும், நெரிசலில் நின்று சூடேறும்போது நாக்கிங்குக்கு (கலவை கட்டுப்பாடில்லாமல் வெடிப்பதற்கு) பயந்துகொண்டே ஓட்ட வேண்டும்.

இறக்கிவிட்டு இரண்டு இடைவெளிகளைக் கட்டாயம் பாருங்கள். முதலாவது ஸ்குவிஷ்: பிஸ்டன் விளிம்புக்கும் ஹெட்டுக்கும் நடுவே உள்ள சந்து. பிஸ்டன் மேல், பிஸ்டன் பின் போகும் திசையில் இரு விளிம்பிலும் ஈயப் பற்றுக் கம்பியை கிரீஸால் ஒட்டி, ஹெட்டை முறுக்கி, கிராங்கைக் கையால் ஒரு சுற்று சுற்றிக் கழற்றுங்கள். நசுங்கிய கம்பியின் தடிமன்தான் அளவு. 1 மி.மீ. சுற்றி இருந்தால் கலவை நன்றாகக் கலங்கி, நாக்கிங்கும் குறையும். 0.8-க்குக் கீழே போனால் அதிவேகத்தில் பிஸ்டன் ஹெட்டைத் தொட வாய்ப்புண்டு.

இரண்டாவது, வால்வுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே. பிஸ்டன் மேல் களிமண் அப்பி, ஆயில் தடவி, டைமிங் செயினோடு முழுக்கப் பூட்டி, டேப்பட்டும் (வால்வுத் தண்டுக்கும் ராக்கருக்கும் நடுவே உள்ள இடைவெளி) வைத்து, கிராங்கை இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். களிமண்ணைப் பிளேடால் வெட்டி, மெலிந்த இடத்தை அளங்கள். இன்லெட்டுக்குக் குறைந்தது 1.5, எக்ஸாஸ்ட்டுக்கு 2 மி.மீ. இருக்க வேண்டும். கேமை மாற்றியிருந்தால் இந்தச் சோதனை இல்லாமல் ஸ்டார்ட் பண்ணவே கூடாது. கேமைப் பற்றி ஒரே சொல்: வால்வை அதிக நேரம் திறந்து வைக்கும் கேம் பவரை மேல் ஆர்பிஎம்முக்குத் தள்ளும், கீழே எடுத்துக்கொள்ளும். ரோட்டுக்குக் கம்பெனி கேமோ அதற்கு ஒரு படி மேலோ போதும்.

கட்டுவது

புது பேக்கிங், புது சர்க்ளிப், புது வால்வு சீல். சர்க்ளிப்பின் வாய் நேர் மேலே அல்லது நேர் கீழே பார்க்கட்டும். பிஸ்டன் தலையில் உள்ள அம்பு பெரும்பாலும் எக்ஸாஸ்ட் பக்கம் பார்க்கும், "இன்" என்று இருந்தால் அது இன்லெட் பக்கம். ரிங்கில் எழுத்துள்ள முகம் மேலே. மூன்று ரிங்கின் வாய்களும் 120 டிகிரி விலகி நிற்கட்டும். கேம் மடல்களில் மாலிப்டினம் கலந்த அசெம்பிளி பேஸ்ட் தடவுங்கள்.

ஹெட் நட்டுகளை டார்க் ரென்ச்சில் குறுக்கு வரிசையில், மூன்று படியாக ஏற்றுங்கள். மேனுவல் 25 நியூட்டன் மீட்டர் சொன்னால் 10, 18, 25. முடித்ததும் கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி டைமிங் குறிகள் திரும்பப் பொருந்துகின்றனவா பாருங்கள். நடுவில் எங்கேயாவது முட்டி நின்றால் பலம் போடாதீர்கள், வால்வு பிஸ்டனில் இடிக்கிறது என்று அர்த்தம். பிறகு கம்ப்ரஷன் டிடிசியில், ஆறிய இன்ஜினில் டேப்பட். லேசாக "டிக் டிக்" என்று கேட்கும் டேப்பட் நல்ல டேப்பட். சத்தமே இல்லாத எக்ஸாஸ்ட் டேப்பட் சூட்டில் வால்வைத் திறந்தபடி பிடித்து வைத்து எரித்துவிடும்.

முதல் ஸ்டார்ட்

பிளக் இல்லாமல் கிக்கரை மிதித்து, ராக்கருக்கு ஆயில் ஏறுவதைக் கண்ணால் பார்த்த பிறகே பிளக்கை மாட்டுங்கள். வண்டி நின்ற இடத்தில் ஓடப்போவதால் எதிரே ஒரு பெரிய ஃபேனை வையுங்கள். சில நிமிடம் ஓடட்டும், ஐடிலில் அல்ல, அதற்குச் சற்று மேலே ஏற்றி இறக்கி. நிறுத்தி முழுக்க ஆறவிடுங்கள். மறுபடி ஒரு முறை. ஆறியதும் ஹெட் நட்டுகளைத் திரும்ப முறுக்கி, டேப்பட்டைத் திரும்ப வையுங்கள்; நட்டு இறங்கினால் டேப்பட்டும் மாறும்.

புது வண்டியை உருட்டுவது போல் மெதுவாகவே ஓட்டினால் ரிங் உட்காராது. மூன்றாம் கியரில் நடு ஆர்பிஎம்மில் நன்றாக இழுக்கவிட்டு, ஆக்சிலரேட்டரை முழுக்க மூடி இன்ஜின் பிரேக்கில் இறங்கவிடுங்கள். இழுக்கும்போது எரியும் வாயுவின் அழுத்தம் ரிங்கைச் சுவரில் அமர்த்தும், மூடும்போது ஆயில் மேலே ஏறிக் குளிர்விக்கும். ஒரே வேகத்தில் நெடுந்தூரம் ஓட்ட வேண்டாம். 50 முதல் 100 கி.மீ.க்குள் முதல் ஆயிலை மாற்றுங்கள், 500-இல் மறுபடி. இதுவரை மினரல் ஆயிலே நல்லது. க்ளட்ச் ஆயிலில் நனைந்து ஓடும் வண்டி என்றால் டப்பாவில் ஜாசோ எம்ஏ என்ற குறியைப் பார்த்து வாங்குங்கள்.

இக்னிஷன், கார்புரேட்டர்

முதலில் இக்னிஷன் டைமிங், அதாவது பிளக்கில் பொறி விழும் நேரம். ஸ்ட்ரோப் லைட்டைப் பிடித்து, ஆர்பிஎம் ஏறும்போது குறி முழு அட்வான்ஸுக்கு (பொறி மிகவும் முன்கூட்டி விழும் நிலைக்கு) போய் அங்கே நிற்கிறதா பாருங்கள். கம்ப்ரஷன் கூட்டியிருந்தால் ஒன்றிரண்டு டிகிரி பின்னுக்கு இழுப்பது பாதுகாப்பு. ஏற்றத்தில் சில்லறை குலுக்குவது போல் சத்தம் வந்தாலோ, பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் பொடிப்பொடியாக வெள்ளி மினுக்குத் தெரிந்தாலோ அது நாக்கிங். அந்த மினுக்கு உங்கள் பிஸ்டனின் அலுமினியம். அன்றே நிறுத்திச் சரிபார்க்க வேண்டும்.

கார்புரேட்டரில் கை வைக்கும் முன் மிதவை உயரம் சரியா, இன்ஜினுக்குப் போகும் ரப்பர் குழாயில் காற்றுக் கசிவு இல்லையா என்று பாருங்கள். பிறகு ஆக்சிலரேட்டர் பிடியில் டேப் ஒட்டி, மூடியது, கால், அரை, முக்கால், முழுக்க என்று கோடு போடுங்கள். ஜெட் என்பது பெட்ரோலை அளந்துவிடும் சிறு துளை. கால் வரை ஸ்லோ ஜெட்டும் ஸ்லைடும், கால் முதல் முக்கால் வரை நீடில், அதற்கு மேல் மெயின் ஜெட். எந்தக் கோட்டில் வண்டி திணறுகிறதோ அந்தப் பாகத்தைத்தான் தொட வேண்டும். மெயின் ஜெட்டில் தொடங்கி, நீடில், கடைசியில் ஸ்லோ ஜெட் என்று கீழே வாருங்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம். இரண்டை மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது.

முழு ஆக்சிலரேட்டர் சோதனையை மூடிய தடத்திலோ டைனோவிலோ (வண்டியை நிறுத்தி வைத்தே ஓட்டிப் பவரை அளக்கும் கருவி) செய்யுங்கள். புது பிளக் போட்டு, மேல் கியரில் முழுக்கத் திறந்து ஓட்டி, க்ளட்சைப் பிடித்த அதே நொடியில் இன்ஜினை அணையுங்கள். பிளக்கைக் கழற்றி, பீங்கானின் அடிவாரத்தில் உள்ள வளையத்தை பூதக்கண்ணாடியால் பாருங்கள். வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை, கருத்துப் புகை படிந்திருந்தால் அதிகம். லாம்டா சென்சர் (புகையில் உள்ள ஆக்சிஜனை அளப்பது) மாட்ட முடிந்தால் இந்தக் கண் வேலை மிச்சம்: முழுத் திறப்பில் காற்று-பெட்ரோல் விகிதம் 12.5 முதல் 13 வரை வையுங்கள். பெட்ரோல் முழுக்க எரியும் கணக்கு 14.7 என்றாலும், ஏர் கூல்டு இன்ஜினில் அந்தக் கூடுதல் பெட்ரோல் சேம்பரைக் குளிர்விக்கிறது.

ஸ்லோ ஜெட் ஸ்க்ரூவில் ஒரு குழப்பம் எல்லோருக்கும் வரும். ஸ்க்ரூ ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் அது காற்றை ஆளுகிறது, வெளியே திருப்பினால் பெட்ரோல் குறையும். இன்ஜின் பக்கம் இருந்தால் கலவையை ஆளுகிறது, வெளியே திருப்பினால் பெட்ரோல் கூடும். ஆக்சிலரேட்டரை மூடி இறங்கும்போது சைலன்சரில் பட்பட் என்று வெடித்தால், எக்ஸாஸ்ட் இணைப்பில் கசிவு இல்லை என்று பார்த்துவிட்டு, இங்கே கொஞ்சம் பெட்ரோல் கூட்டுங்கள்.

சைலன்சரையும் ஏர் ஃபில்டரையும் மாற்றுவதானால் ஜெட்டிங்குக்கு முன்பே மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் முழு வேலையும் இரண்டாம் முறை. புகை, சத்தம் பற்றிய சட்டம் உங்கள் ஊரில் என்ன சொல்கிறது என்று பார்த்துவிட்டு வாங்குவது நல்லது.

ஆயில் மூடியில் பொருந்தும் சிறிய வெப்பமானி ஒன்று கிடைக்கும். அதை மாட்டிவிடுங்கள். ஓட்டத்தில் 90 முதல் 120 டிகிரி செல்சியஸ் வரை காட்டினால் கவலை இல்லை. 130-ஐத் தாண்டினால் உடனே நிறுத்திவிடாதீர்கள். நின்றால் காற்றும் நின்றுவிடும். ஆக்சிலரேட்டரைக் குறைத்து, மேல் கியரில் நிதானமாக ஓட்டிக்கொண்டே முள் இறங்கும் வரை போங்கள். ஆறிய பிறகு முதலில் மெயின் ஜெட்டையும் டைமிங்கையும் பாருங்கள், ஆயில் கூலர் வாங்கும் யோசனை அதற்கு அப்புறம்.